லிங்கனின் கையொப்பமும் லிங்கனின் கடிதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பொதுவாழ்வில் புகழ்பெற்றவர்கள் கையொப்பமிட்ட கடிதங்களைச் சேகரிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இத்துறை பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. ஆகவே அதை வெளியிட்டமைக்கு என் நன்றி. ஆயினும், எந்தக் கையொப்பம் எவ்வளவுக்கு விலைபோயிற்று என்பதைத்தான் கட்டுரை சொல்லிற்றே தவிர, அந்தக் கையொப்பத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது, யாருக்காக எழுதப்பட்டது, எந்த நெருக்கடியில் எழுதப்பட்டது என்பதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. இத்தகைய கடிதங்களை நெடுநாளாகச் சிறிய அளவில் சேகரித்தும், சேகரிக்க இயலாதவற்றை நூலகங்களின் இணையப் பக்கங்களில் படித்தும் வருகிறேன். பெயரை மட்டும் பார்த்துக் கடிதத்தைப் பாராமல் விடும் பழக்கம் இத்துறைக்குச் செய்திருக்கும் கேடு கொஞ்சநஞ்சமல்ல என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விலையை வைத்தே பேசுவோம். 2008 ஏப்ரலில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் ஆபிரகாம் லிங்கனின் கடிதம் ஒன்று சுமார் 34 லட்சம் டாலருக்குப் போயிற்று. வெறும் தாள் துண்டில் உள்ள லிங்கன் கையொப்பமோ சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கும். இரண்டிலும் இருப்பது அதே கை, அதே பெயர். வேறுபாடு எங்கே வந்தது? மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரைச் சேர்ந்த 195 சிறுவர் சிறுமியர், அடிமைகளாக இருக்கும் குழந்தைகள் அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவருக்கு ஒரு மனு எழுதினர். கல்வியாளர் ஹோரஸ் மானின் மனைவி மேரி மான் அதை அனுப்பிவைத்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஏப்ரல் 5 அன்று லிங்கன் அவருக்குப் பதில் எழுதினார். அந்தச் சிறுவர்களின் உள்ளங்களில் நீதியும் இரக்கமும் நிறைந்திருப்பது தமக்கு மகிழ்ச்சி அளிப்பதாகவும், அவர்கள் கேட்பதை எல்லாம் கொடுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை, கடவுளுக்கு உண்டு, அதைச் செய்ய அவர் திருவுளம் கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது என்று அவர்களிடம் சொல்லும்படியும் எழுதினார். தம் அதிகாரத்தின் எல்லையை ஒரு நாட்டின் தலைவர் குழந்தைகளுக்கு மறைக்காமல் சொன்ன அந்தச் சில வரிகளுக்கே அவ்வளவு விலை. கட்டுரையாளர் இதே போன்ற விலைகளைப் பட்டியலிட்டபோது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கட்டுரையில் திருத்த வேண்டியது ஒன்றும் உண்டு. புதிதாகத் தொடங்குவோர், குடியரசுத் தலைவர்கள் கையொப்பமிட்ட அரசு நிலப் பட்டயங்களை முதலில் வாங்கலாம், அவை மலிவாகக் கிடைக்கும் என்று கட்டுரையாளர் அறிவுரை கூறுகிறார். அவை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கே நிலம் வாங்குவோர் பெருகப் பெருக, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சிக் காலத்தில் கையொப்பத்துக்காகக் காத்துக்கிடந்த பட்டயங்கள் குவிந்துவிட்டன. எனவே 1833 மார்ச் 2 அன்று நிறைவேறிய சட்டம், அவற்றில் தலைவரின் பெயரை எழுதுவதற்கென்றே ஒரு செயலரை நியமிக்க இடம் கொடுத்தது. அதன் பிறகு வந்த பட்டயங்களில் வான் பியூரன், போல்க், லிங்கன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் எழுதியது செயலரின் கைதான். பெரும்பாலும் செயலர் தம் பெயரையும் கீழேயே எழுதியிருப்பார். அதற்கு முன் ஆட்சி செய்த மன்றோ, ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆகியோர் காலத்துப் பட்டயங்களில் இருப்பவை அவர்களே இட்ட கையொப்பங்கள். இந்த ஒரு தேதியை அறியாததால் செயலரின் எழுத்தைத் தலைவரின் எழுத்தென்று நம்பிச் சட்டமிட்டு மாட்டியிருப்பவர்களை நான் அறிவேன்.

செயலர்கள் மட்டுமல்லர், குடும்பத்தாரும் எழுதினர். உள்நாட்டுப் போரில் பிரிந்துநின்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸுக்காக அவருடைய மனைவி வரினா டேவிஸ் கடிதங்களை எழுதிக் கணவரின் பெயரையும் தாமே இட்டிருக்கிறார். ஆகவேதான் ஏலப் பட்டியல்களில் காணும் சுருக்கெழுத்துகளைக் கவனித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஏ.எல்.எஸ். என்றால் கடிதம் முழுவதும் கையொப்பமும் அவரே எழுதியவை, எல்.எஸ். என்றால் உள்ளே எழுதியது வேறொருவர், கையொப்பம் மட்டுமே அவருடையது. லிங்கனைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பம் உண்டு. கடிதங்களில் அவர் தம் முதற்பெயரைச் சுருக்கி ஏ. லிங்கன் என்றே எழுதுவார்; ஆபிரகாம் லிங்கன் என்ற முழுப்பெயர் பெரும்பாலும் அரசு ஆவணங்களுக்கு மட்டுமே உரியது. முழுப்பெயருடன் ஒரு தனிப்பட்ட கடிதம் விற்பனைக்கு வந்தால் இரண்டாவது முறை பார்ப்பது நல்லது.

வரிசை முழுமையாக வேண்டும் என்ற ஆசையும் கடிதங்களை மறக்கச் செய்கிறது. எல்லாக் குடியரசுத் தலைவர்களின் கையொப்பமும் பதவிக்காலத்து ஆவணங்களாகவே வேண்டும் என்று தொடங்குபவர் வில்லியம் ஹென்றி ஹாரிசனிடம் வந்து நிற்பார். 1841 மார்ச் 4 அன்று பதவியேற்ற அவர் ஏப்ரல் 4 அன்று இறந்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் கையொப்பமிட்டது எதுவாயினும், ஒன்றுமே சொல்லாத அலுவலகத் தாளாக இருந்தாலும், அதற்குப் பெரும் விலை. தளபதியாகவும் ஆளுநராகவும் இருந்தபோது அவர் எழுதிய பொருள் நிறைந்த கடிதங்களுக்கு அந்த மதிப்பு இல்லை. இது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

பெயர் மட்டும் போதும் என்ற இந்த ஆசை புதிதன்று; அந்த நூற்றாண்டிலேயே அது கடிதங்களின் மேல் கத்தரிக்கோலை வைத்துவிட்டது. ஆல்பங்களில் ஒட்டுவதற்காகக் கடிதத்தின் அடிப்பகுதியை வெட்டியெடுத்துக்கொண்டு மீதியை எறிந்தவர்கள் எத்தனையோ பேர். இன்றும் விற்பனைக்கு வரும் அத்தகைய துண்டுகளின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், முந்திய பக்கத்தின் இரண்டு மூன்று வரிகள் நடுவில் அறுபட்டுக் கிடப்பதைக் காணலாம். 1849 ஜனவரியில், இன்னும் காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினராகவே இருந்த லிங்கனிடம் ஒருவர் கையொப்பமும் அதனுடன் ஒரு பொன்மொழியும் கேட்டு எழுதியிருந்தார். தம்மைவிடப் புகழ் குறையாதவர்கள் எல்லாருடைய கையொப்பங்களையும் சேகரித்தால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாத பெயர்க் குவியல்தான் மிஞ்சும் என்பதே தமக்குத் தோன்றும் சிறந்த பொன்மொழி என்று லிங்கன் பதில் எழுதினார். தம்மைத் தாழ்த்திச் சொன்ன சொல்தான் அது. ஆனால் சேகரிப்போர் மனத்தில் இருத்த வேண்டியது.

நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் போதகராக இருந்த வில்லியம் பியூல் ஸ்ப்ராகை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் பெரிய அளவில் கடிதம் சேகரித்த முதல் தலைமுறையினரில் அவர் முக்கியமானவர். இளைஞராக வர்ஜீனியாவில் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஜார்ஜ் வாஷிங்டனின் ஆவணங்களைப் பொறுப்பில் வைத்திருந்த பஷ்ராட் வாஷிங்டனிடம் அனுமதி பெற்று ஏறத்தாழ 1,500 கடிதங்களை எடுத்துக்கொண்டார். எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எழுதி அதனிடத்தில் வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மூலங்கள் இப்படிக் கலைந்து போனது வருத்தத்துக்குரியதே. எனினும் சொற்கள் அழியக்கூடாது என்ற அந்த நிபந்தனையை நான் மதிக்கிறேன். அதைவிட மோசமானது 1906-இல் நடந்தது. எழுத்தாளர் தோரோவின் எழுத்துகளை 20 தொகுதிகளாக வெளியிட்ட ஹௌட்டன் மிஃப்ளின் நிறுவனம், 600 பிரதிகள் கொண்ட ஒரு சிறப்புப் பதிப்பில், ஒவ்வொரு பிரதியிலும் அவருடைய கையெழுத்துப்படியிலிருந்து ஒரு தாளை வைத்துத் தைத்தது. ஒரு மனிதரின் தொடர்ச்சியான சிந்தனை அறுநூறு வீடுகளுக்குப் பங்கு போடப்பட்டது. அந்தத் தாள்களைத் தேடி மீண்டும் வரிசைப்படுத்தும் வேலையை ஆய்வாளர்கள் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முழுமையாகத் தப்பிய ஒரு சாதாரணக் கடிதம் எவ்வளவு சொல்லும் என்பதற்கு என்னிடம் உள்ள ஒன்றையே சொல்கிறேன். 1840-களின் தொடக்கத்தில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதியது. அவர் பெயருக்கு இன்று எந்த ஏலத்திலும் மதிப்பில்லை. ஒரே பெரிய தாளை இரண்டாக மடித்து நான்கு பக்கமாக்கி, மூன்றில் எழுதி, நான்காவதையே உறையாக்கியிருக்கிறார். 1845 வரை அஞ்சல் கட்டணம் தாள்களின் எண்ணிக்கைப்படியும் தூரத்தின்படியும் கணக்கிடப்பட்டது. தனி உறை போட்டால் அதுவும் இன்னொரு தாள். காங்கிரஸ் உறுப்பினருக்குக் கட்டணமே இல்லை என்றாலும் நாட்டுப் பழக்கம் அவரையும் விடவில்லை போலும். முகவரிப் பக்கத்தின் வலது மேல்மூலையில் அவர் பெயரும் காங்கிரஸ் உறுப்பினர் என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும். பக்கத்தில் இலவசம் என்ற அஞ்சல் முத்திரை. ஆக, ஒரே கடிதத்தில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கையொப்பங்கள். சிவப்பு அரக்கு இருந்த இடத்தில், பிரித்தவர் அவசரத்தில் கிழித்த தாள்துண்டு அரக்கோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அது மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுபோய்விட்டது.

உள்ளே இருப்பது ஒரு விதவையின் ஓய்வூதியக் கோரிக்கை. அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றிய வீரர்களின் விதவைகளுக்கு 1836, 1838 ஆண்டுச் சட்டங்கள் ஓய்வூதியம் அளித்தன; ஆனால் திருமணம் எப்போது நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். பதிவேடு இல்லாத ஊர்களில் அரை நூற்றாண்டுக்கு முந்திய திருமணத்துக்கு என்ன சான்று? குடும்பப் பைபிளில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிவைத்திருக்கும் பக்கம் இருந்தால் அதை அனுப்பும்படி உறுப்பினர் எழுதுகிறார். அப்படிப் பைபிளிலிருந்து கிழித்து அனுப்பப்பட்ட பக்கங்கள் இன்றும் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் இருக்கின்றன. கடிதத்தைப் பெற்றவர், மடித்த தாளின் ஓரத்தில் வேறொரு மையில் வந்த தேதியைக் குறித்து வைத்திருக்கிறார். முகவரிப் பக்கத்துக் கையொப்பத்தை யாராவது கத்தரித்திருந்தால், அதன் பின்னால் இருந்த வரிகளும் போயிருக்கும்.

போலிகளைக் கண்டுபிடிக்கவும் கடிதம் முழுவதையும் படித்தாக வேண்டும். பிலடெல்ஃபியாவில் புத்தகக் கடை வைத்திருந்த ராபர்ட் ஸ்பிரிங் அந்த நூற்றாண்டிலேயே வாஷிங்டன் கையெழுத்தில் காசோலைகளையும் வழிச்சீட்டுகளையும் எழுதிக் குவித்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின், தென் மாநிலப் படையின் ஜெனரல் ஸ்டோன்வால் ஜாக்சனின் மகள் வறுமையால் குடும்பக் கடிதங்களை விற்கிறாள் என்று கதைகட்டிக் கடல்தாண்டியும் விற்றார். அடுத்த நூற்றாண்டில் ஜோசப் கோசி, லிங்கன் எழுத்தைப் பழைய தாளில் அச்சு அசலாக எழுதினார். ஆனால் லிங்கனின் உண்மையான கையொப்பத்தில் எழுத்துகள் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, படிப்படியாக மேலேறிச் செல்லும். கோசி எழுதியவையோ ஒரே நேர்கோட்டில் அமர்ந்திருக்கும். 1985-இல் இரண்டு உயிர்களைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகளுக்குப் பின் சிக்கிய போலி ஆவணக்காரர் மார்க் ஹாஃப்மன் வழக்கில், நுண்ணோக்கியில் பார்த்தபோது மை முதலைத் தோல் போல வெடித்திருந்ததே அவருடைய ஆவணங்களைக் காட்டிக்கொடுத்தது. ஓக் மரத்து மாசிக்காயையும் அன்னபேதியையும் பிசினையும் கலந்து அந்தக் காலத்து மையையே அவர் தயாரித்திருந்தார். வேதிமுறையில் அதை விரைவாகப் பழமையாக்கியதால் வந்த வெடிப்பு அது. அப்படியும் கவிஞர் எமிலி டிக்கின்சன் பெயரில் ஹாஃப்மன் எழுதிய கவிதை ஒன்று 1997-இல் ஏலத்துக்கு வந்து, டிக்கின்சன் வாழ்ந்த ஆமர்ஸ்ட் ஊரின் ஜோன்ஸ் நூலகம் 21,000 டாலர் கொடுத்து வாங்கிய பிறகே போலி என்று தெரிந்து திருப்பப்பட்டது.

ஏமாற்றும் நோக்கம் இல்லாத நகல்களும் ஏமாற்றும். போரில் ஐந்து மகன்களை இழந்ததாகச் சொல்லப்பட்ட பாஸ்டன் தாய் லிடியா பிக்ஸ்பிக்கு 1864 நவம்பர் 21 தேதியிட்டு லிங்கன் பெயரில் சென்ற ஆறுதல் கடிதம் அதற்கு எடுத்துக்காட்டு. அதன் மூலப்படி காணாமற்போயிற்று. 1891 முதல் கல்லச்சில் அச்சிட்டு விற்கப்பட்ட நகல்களைப் பரணில் கண்டெடுக்கும் குடும்பங்கள், மூலமே கிடைத்துவிட்டதாக இன்றும் நம்புகின்றன. போரில் இறந்தவர்கள் உண்மையில் இரண்டு மகன்கள் என்பதும், கடிதத்தை எழுதியது லிங்கனா அவருடைய செயலர் ஜான் ஹேயா என்ற விவாதமும் தனிக்கதை. ஒன்றை மட்டும் சொல்வேன்: நான்கே நாளில் பாஸ்டன் செய்தித்தாள் அதை அச்சிட்டதால்தான் அக்கடிதம் இன்று நமக்கு இருக்கிறது.

கடிதத்தை வைத்திருப்பவர் அதன் வாசகத்தைப் பிறர் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தின் இறுதி வரைவை லிங்கன் தம் கையால் எழுதியிருந்தார். தாமே வைத்துக்கொள்ள விரும்பியும், 1863-இல் சிகாகோவில் போர்வீரர் நலனுக்காக நடந்த கண்காட்சிக்கு அதை அன்பளித்தார். அங்கே அது 3,000 டாலருக்கு விலைபோயிற்று. 1871 அக்டோபரில் சிகாகோவை எரித்த தீயில் அதுவும் சாம்பலாயிற்று. முன்பே எடுத்திருந்த நகல்கள் இல்லாவிட்டால் அவர் கை அந்தத் தாளில் எப்படி ஓடியது என்பதை நாம் பார்த்தே இருக்க முடியாது. 1872-இல் ராச்செஸ்டரில், அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸின் வீடு எரிந்தபோது அவர் சேர்த்துவைத்திருந்த தாள்களும், அவர் நடத்திய பத்திரிகைகளின் தொகுப்புகளும் போயின. அந்த ஆண்டுக்கு முந்திய டக்ளஸை அறிய, அவரிடமிருந்து கடிதம் பெற்றவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்களா என்பதையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

அப்படித் தப்பியவற்றில் ஒன்றை நான் அடிக்கடி படிப்பதுண்டு. 1868 ஆகஸ்ட் 29 அன்று அடிமைகளை இரவில் இரகசியமாகத் தப்புவித்த ஹாரியட் டப்மனுக்கு டக்ளஸ் எழுதியது. தாம் செய்தவற்றுக்குப் பொதுமேடையில் கைத்தட்டல் கிடைத்தது, டப்மன் செய்தவற்றுக்கோ நள்ளிரவு வானமும் விண்மீன்களுமே சாட்சி என்று அதில் சொல்கிறார். டப்மன் எழுத்தறியாதவர்; அவர் கடிதங்கள் பிறர் கையால் எழுதப்பட்டவை. கையொப்ப வரிசையில் அவருக்கு இடமே கிடைக்காது. கடிதங்களைப் படிப்பவருக்கு மட்டுமே அவர் கண்ணில் படுவார்.

வெளியிடச் சட்டம் தடுக்கும் என்ற அச்சம் வேண்டியதில்லை. கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், சொற்கள் எழுதியவருக்குச் சொந்தம் என்ற வேறுபாட்டை வாஷிங்டன் கடிதங்கள் தொடர்பான 1841 வழக்கிலேயே நீதிபதி ஜோசப் ஸ்டோரி தெளிவாக்கினார். நாம் பேசும் தலைவர்கள் இறந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டதால் அந்தச் சொல்லுரிமையும் காலாவதியாயிற்று. கவனிக்க வேண்டியது வேறொன்று: 1978-இல் சட்டம் மாறும்வரை குடியரசுத் தலைவரின் தாள்கள் அவருடைய சொந்த உடைமையாகவே கருதப்பட்டதால் அவருடைய கடிதங்கள் நேர்மையாகவே சந்தைக்கு வந்தன, ஆனால் அரசுத் துறைகளின் கோப்புகளிலிருந்து களவுபோன தாள் எத்தனை கைமாறினாலும் அரசுக்கே உரியது, காப்பகம் அதைத் திரும்பக் கேட்கலாம்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரை சொன்னவை பெரும்பாலும் சரியே. லேமினேஷன் செய்யலாம் என்ற ஒரு வரியை மட்டும் யாரும் பின்பற்றிவிட வேண்டாம். சென்ற நூற்றாண்டில் பெரிய காப்பகங்களே அப்படிச் செய்துவிட்டு இன்று அதைப் பிரிக்க அல்லாடுகின்றன. பாலியெஸ்டர் உறையும், அமிலமற்ற அட்டையும், வெளிச்சம் படாத இடமும் போதும். சட்டமிட்டு மாட்டும்போது தலைவரின் படத்தையும் கையொப்பத்தையும் மட்டும் காட்டி, கடிதத்தின் மற்ற வரிகளை அட்டைக்குள் மறைத்து விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி ஒன்றை வாங்கிய நண்பருக்காக நான் பிரித்துப் பார்த்தபோது, வரிகள் எழுதிய பக்கம் பசையால் அட்டையோடு ஒட்டப்பட்டிருந்தது.

இனி இத்தகைய ஏலச் செய்திகளை வெளியிடும்போது கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, முழுவதும் அவர் கையால் எழுதியதா, என்ன சொல்கிறது, எங்கே போகிறது என்ற நான்கையும் விலையோடு சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன். நிலப் பட்டயங்கள் பற்றிய திருத்தத்தையும் லேமினேஷன் பற்றிய எச்சரிக்கையையும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட்டால், கட்டுரையை நம்பி வாங்கவோ பாதுகாக்கவோ முற்படும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்